எண்பது கூட்டிப் படிக்கவும்

1

இந்தக் கதையை ஒரு நண்பர் சொன்னார் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. இல்லாத நண்பரின் தலையில் கதையைக் கட்டிவிட்டால், பழுது எதுவும் வெளியே வந்தால் "எனக்கு வந்த சரக்கே இப்படித்தான்" என்று கைவிரித்துவிடலாம். நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். வியாபாரம் பேசும்போது என் அப்பா துணியின் நல்ல பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருப்பார்; நூல் பிரிந்த இடத்தின் மேல் முழங்கை ஊன்றியிருக்கும். அந்த முழங்கைதான் எனக்கு வந்த சொத்து. அதை வைத்துத்தான் எழுதிப் பிழைக்கிறேன்.

ஆனால் இதில் நண்பர் யாரும் இல்லை. நானே அங்கே இருந்தேன். ஒரு வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சின்னத் திரையில் ஓடிய எண்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பத்திரண்டு. நூற்று முப்பது. நூற்றுப் பத்து. தொண்ணூற்று —

[இதை இப்போது சொல்லக் கூடாது. கடைக்கு வந்தவருக்கு முதல் துணியாகவே பட்டை விரித்துக் காட்டும் முட்டாள் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

முதலாவது: "அவன் விரல்கள் நெருப்பின் மொழியை அறிந்தவை." இப்படி எழுதினால் பாராட்டு விழாவுக்குக் கூப்பிடுவார்கள், வண்டி ஒரு அடி நகராது.

இரண்டாவது: "டீசல் இஞ்சின் கண்டுபிடிக்கப்பட்ட காலம்தொட்டு மனிதன்" — மனிதனை இங்கேயே இறக்கிவிட்டேன். அவன் நடந்து போகட்டும்.

மூன்றாவது: "அக்கா தன் தம்பியை நம்பவில்லை, தம்பி மாட்டிக்கொடுத்த எண்ணை நம்பினாள்." இது பரவாயில்லை. பாதி உண்மை. நல்ல தொடக்கத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. இதிலிருந்தே போவோம்.

3

தம்பியை எல்லோரும் எழுநூறு என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் முடிகிற இடத்தில், டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவே, ஒற்றை ஷட்டர் பட்டறை. டர்போ டீசல் ஃபோர்வீல் டிரைவ் வண்டிகளில் லேப்டாப்பைச் செருகி, இஞ்சினுக்குள் பாயும் டீசலின் அளவைக் கூட்டி, வண்டிக்குப் பலம் ஏற்றிக் கொடுப்பது தொழில். டியூனிங் என்பார்கள். பாரம் இழுக்கிறவர்கள், மலை ஏறுகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை முந்த வேண்டியவர்கள் எல்லோரும் அவனிடம் வருவார்கள்.

டீசல் கூடினால் பலம் கூடும். பலத்தோடு புகையின் சூடும் கூடும். வண்டியோடு வரும் மீட்டர் இஞ்சின் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் சாதுவாக இருக்கும்போதே உள்ளே பிஸ்டன் மெழுகாகிக்கொண்டிருக்கலாம். அதனால் எழுநூறு ஒரு காரியம் செய்வான். டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயில் துளை போட்டு, பென்சில் தடிமனில் ஒரு உணர்கோலைச் செருகுவான். அதிலிருந்து ஒரு வயர் டாஷ்போர்டு வரை வந்து, தீப்பெட்டி அளவுத் திரையில் புகையின் சூட்டை எண்ணாகக் காட்டும். எண்ணைப் பார்த்துக்கொண்டே டீசலைக் கூட்டுவான். எழுநூறு டிகிரி வந்தால் நிறுத்திவிடுவான். எவ்வளவு கெஞ்சினாலும் எழுநூற்றொன்று கிடையாது. என்னைப் போன்றவர்கள் எதற்கும் பேரம் பேசுவோம். அந்த ஒன்றுக்கு மட்டும் அவனிடம் நடக்காது.

"எழுநூறுக்குக் கீழ நீ ராஜா. அதுக்கு மேல பிஸ்டன் ராஜினாமா" என்பான். எல்லோரிடமும் இதே வசனம். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அக்கா அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். கண்ணாடி வியாபாரம். ஜன்னல் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, மேசைக் கண்ணாடி என்று வெட்டி, டிரெய்லரில் நிறுத்திக் கட்டி, மலைமேல் கட்டும் வீடுகளுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பாள். இரண்டு கைகளிலும் கண்ணாடி கீறிய வெள்ளைக் கோடுகள். நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, இது நாலு மில்லிமீட்டரா ஐந்தா என்று சொல்வாள். அதைவிடப் பெரிய விஷயம் அவள் மூக்கு. தெருமுனையில் யாராவது கிளட்சைத் தேய்த்தால் இவள் கடைக்குள்ளிருந்தே "எவனோ கிளட்சைக் கொல்றான்" என்பாள். மோப்பத்துக்கு அரசாங்கத்தில் வேலை இருந்தால் இவளுக்கு ஓய்வூதியம் வந்திருக்கும் என்று அவர்கள் குடும்பத்தில் கிண்டல்.

நான் எண் வாசித்த நாளுக்கு மூன்று வாரம் முன் அவள் வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

"மலையில ஏறவே மாட்டேங்குதுடா. பின்னால வர்றவன் இறங்கி டீ குடிச்சிட்டு வந்து மறுபடியும் ஹாரன் அடிக்கிறான். ஏதாவது பண்ணு. ஒரு நாள்தான் டைம்."

உணர்கோலைச் செருகி, வயரை அழகாக மறைத்துக் கொண்டுவரப் பார்த்தபோது, வயர் ஒரு முழம் போதவில்லை. நீள வயர் வரவழைக்க நாலு நாள். வண்டி நாலு நாள் நின்றால் அக்காவின் வியாபாரமும் நாலு நாள் நிற்கும். எழுநூறு வயரை நடுவில் வெட்டினான். நல்ல செம்பு வயர் ஒரு முழம் எடுத்தான். முனைகளைச் சீவி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையைப் போட்டு ஒட்டினான். பட்டறைக்காரனின் வளர்ப்பு அவன் போடும் ஜாயிண்டில் தெரியும் என்பார்கள். அந்த ஜாயிண்டைப் பார்த்தால் அவனைப் பெற்றவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

(உணர்கோல் வந்த பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. எறும்பு எழுத்து. அந்தத் தாளில் அவன் கை துடைத்தான். குற்றம் சொல்லாதீர்கள். நீங்கள் கடைசியாகப் படித்த பெட்டித் தாள் எது?)

4

அன்றைக்கே பாதிப் பாரம் ஏற்றி, மலையின் முதல் நாலு கிலோமீட்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். அக்கா ஓட்டினாள். பக்கத்தில் எழுநூறு, மடியில் லேப்டாப். கொஞ்சம் கொஞ்சமாக டீசலைக் கூட்டினான். வண்டிக்குப் புது உயிர் வந்தது. ஒரு லாரியை முந்தியபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முந்திக்கொண்டே ஹாரனும் அடித்தாள். பழைய பாக்கியைத் தீர்த்த திருப்தி.

மூன்றாவது வளைவில் சிரிப்பு நின்றது. முகத்தைச் சுளித்தாள்.

"டேய், ஏதோ சூடு வாசனை வருதுடா. இரும்பு காயுற மாதிரி."

"நம்பர் என்ன சொல்லுது?"

"அறுநூத்தி அறுபத்தி நாலு."

"அப்போ மூக்கை மூடிக்கோ."

அக்கா சிரித்தாள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வண்டியை வளைவில் திருப்பிக் காட்டினாள். இருவருக்கும் அது நல்ல ஜோக். திரும்பி வந்து அவளே நாலு பேரிடம் சொன்னாள்: என் தம்பி என் மூக்குக்கு வேலை நீக்கம் கொடுத்துவிட்டான் என்று.

[இந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. அவன் சொன்னது. சொன்னபோது எழுநூறின் முகம் எப்படி இருந்தது என்று எழுத மூன்று வாக்கியம் போட்டேன், மூன்றையும் அடித்தேன். அவன் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம்.]

5

கதாபாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம். எழுதுகிறவனுக்கே வந்த பிறகு உங்களுக்கு வராமல் இருக்காது.

பதினொரு வருடம் இதே தொழிலில் இருப்பவனுக்கு, அந்த வயரை நீட்டக் கூடாது என்று தெரியாதா? கதைக்காக அவனை நான் முட்டாளாக்குகிறேனா?

இல்லை ஐயா. அவனுக்கு எண்ணைத் தெரியும். எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாது. எனக்கும் பஞ்சு எப்படித் துணியாகிறது என்று தெரியாது. முப்பது வருடம் துணி விலை பேசியிருக்கிறேன். பட்டறையில் அறுந்த வயர் அத்தனைக்கும் ஒரே வைத்தியம்: சீவு, முறுக்கு, பற்றவை, மூடு. விளக்கு வயருக்கு, ஹாரன் வயருக்கு, பேட்டரி வயருக்கு எல்லாம் அது சரி. ஒழுங்காக வேலை கற்ற கைதான் இந்தத் தப்பைச் செய்யும். அரைகுறை ஆள் வயர் பற்றவில்லை என்று டாஷ்போர்டுக்கு அடியிலேயே திரையைத் தொங்கவிட்டிருப்பான். எண் சரியாக இருந்திருக்கும்.

சந்தேகம் தீர்ந்ததா? எனக்குத் தீரவில்லை. ஆனாலும் அது நடந்தது. நடந்ததை வைத்துக்கொண்டு நம்பும்படி எழுதுவதுதான் கஷ்டம்.

6

இனி என் வண்டி.

பழைய ஃபோர்வீல் டிரைவ் ஒன்று வாங்கியிருந்தேன். என் ராசி, அதற்கும் வயர் ஒரு முழம் குறைந்தது. எழுநூறு ஒழுங்கானவன், கஸ்டமர் வண்டிக்கு ஜாயிண்ட் வேண்டாம், நீள வயர் வரட்டும், நாலு நாள் பொறுங்கள் என்றான். நான் விட்டேனா? உன் அக்கா வண்டிக்கு என்ன போட்டாய் என்று கேட்டேன். சொன்னான். அக்காவுக்கு ஆகும், அண்ணனுக்கு ஆகாதா என்று ஒரு போடு போட்டேன். எங்கள் குடும்பத்தில் இதற்குப் பெயர் கடைசி முழம்: எல்லாம் பேசி முடிந்து, துணியை மடிக்கும் நேரத்தில், உறவைச் சொல்லி ஒரு முழம் கூடுதலாக வாங்குவது. அவன் சிரித்துவிட்டு வயரை எடுத்தான்.

ஆக, நான் நாலு நாள் பொறுத்திருந்தால் இந்தக் கதையே தெரியவந்திருக்காது. என் அவசரத்தை நல்லதென்று சொல்வதா கெட்டதென்று சொல்வதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

காலை ஒன்பதரை. பற்றவைத்தாயிற்று. திரை வேலை செய்கிறதா என்று பார்க்க இஞ்சினை ஓடவிட்டான். நான் உள்ளே உட்கார்ந்து எண்ணை வாசித்தேன். நூற்று நாற்பத்திரண்டு. சும்மா ஓடும் இஞ்சினுக்கு அது சரி என்றான். அப்போது அவன் போனுக்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. எனக்கும் படித்துக் காட்டினான்:

"அடிவாரம் வந்தாச்சு. டீ குடிச்சிட்டு ஏறுறேன். பதினாலு பெரிய கண்ணாடி. இன்னிக்குத்தான் முதல் ஃபுல் லோடு. உன் நம்பர் மேல பாரத்தைப் போட்டுட்டேன்."

மணி ஒன்பது முப்பத்தைந்து. அடிவாரத்தோடு சிக்னல் முடிந்துவிடும். அதற்கு மேல் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏற்றம்.

போனைப் பையில் போட்டுவிட்டு, உறையைச் சுருக்க ஹீட் கன்னை எடுத்தான். அனல் காற்றை ஊதும் சின்னத் துப்பாக்கி. இஞ்சினை அணைக்க மறந்திருந்தான். பானட்டுக்கு அந்தப் பக்கம் அவன் ஜாயிண்டின் மேல் அனலை ஊதினான். இந்தப் பக்கம் நான், வேலையில்லாத வாய், வாசித்துக்கொண்டே இருந்தேன்.

நூற்று நாற்பத்திரண்டு. நூற்று முப்பது. நூற்றுப் பத்து. தொண்ணூற்று ஐந்து. எழுபது. ஐம்பத்தெட்டு.

ஊதுவதை நிறுத்தினான். எண் ஏறியது. மறுபடி ஊதினான். இறங்கியது.

சூடு காட்டினால் குறைகிறது.

எழுநூறு என் வண்டிக்கு வந்த பெட்டியைத் தேடி எடுத்தான். தாளைப் பிரித்தான். இந்த வயரை வெட்டவோ, சாதாரண வயரால் நீட்டவோ கூடாது என்ற வரியின் மேல் அவன் விரல் நின்றது. கீழே படம் போட்டு விளக்கியிருந்தார்கள். உணர்கோல் சூட்டை நேராக அளப்பதில்லை. அதன் நுனிக்கும், அதன் சொந்த வயர் முடிகிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. சொந்த வயர் திரைக்குப் பின்னால், கேபினின் குளிர்ச்சியில் முடிந்தால் கணக்கு சரி. நடுவில் வெட்டிச் செம்பைச் சேர்த்தால், சொந்த வயர் இஞ்சின் பக்கத்திலேயே முடிந்துபோகிறது. அந்த இடம் காயக் காய, வித்தியாசம் சுருங்குகிறது; எண் இறங்குகிறது. சும்மா நிற்கும் வண்டியில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில், பாரத்தில், இஞ்சின் கொதிக்கும்போதுதான் பொய் பெரிதாகும். ஆபத்து கூடக் கூட, திரை ஆறுதல் சொல்லும்.

"எவ்வளவு குறைச்சுக் காட்டும்?" என்று கேட்டேன்.

"எம்பது" என்றான். "மலையில இஞ்சின் பக்கம் கேபினைவிட எம்பது டிகிரி கூடக் காயும். அத்தனையும் குறைச்சுக் காட்டும்ணே."

அக்காவின் திரையில் அறுநூற்றுத் தொண்ணூறு என்றால் உள்ளே எழுநூற்று எழுபது. கொஞ்ச தூரம் தாங்கும். இருபத்திரண்டு கிலோமீட்டர் தாங்காது. பிஸ்டன் போனால் இஞ்சின் நிற்கும். இஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை நிற்கிற சக்தி போய்விடும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பின்னால் ஒன்றரை டன் கண்ணாடி, செங்குத்தான ரோட்டில், கீழ்நோக்கி இழுக்கும்.

எழுநூறு உடனே போனை எடுத்தான். அக்காவின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

7

இதுவரை எழுதியதை வீட்டில் காட்டினேன். என் மனைவி கணக்கு டீச்சர். கதையை ரசிக்க மாட்டாள், திருத்துவாள்.

சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு சொல்லை மட்டும் வட்டம் போட்டாள்.

"மெசேஜ் ஒம்போது முப்பத்தஞ்சுக்கு. அவ டீ குடிக்க ஒரு பத்து, பதினஞ்சு நிமிஷம் இருந்திருக்கு, அதுவரைக்கும் சிக்னலும் இருந்திருக்கு. இவன் உடனே போன் பண்ணிட்டான்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏன் கிடைக்கல?"

நான் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"உடனேன்னா எத்தனை நிமிஷம்?"

எங்கள் கடைக்கு ஆயிரம் பேர் வந்து துணியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவின் முழங்கையைத் தூக்கிப் பார்த்தவர் யாருமில்லை. இவள் தூக்கிவிட்டாள்.

அந்த ஒரு சொல்லுக்குள் முழுப் பூசணிக்காயை மறைத்திருந்தேன். வெளியே எடுக்கிறேன். நடந்தது இது:

எண் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியதும் நான் சிரித்தேன். "தம்பி, பிரமாதமான மீட்டர். சூடு காட்டினா குளிருது. பேசாம ஏசி கம்பெனிக்கு வித்துடலாம்" என்றேன். எழுநூறும் சிரித்தான். மறுபடி ஊதிக் காட்டினான். நான் எண்ணை ஏலம் விடுகிற குரலில் வாசித்தேன்: எழுபது ஒரு தரம், அறுபது இரண்டு தரம். பிறகு நான் இறங்கிப் போய் ஹீட் கன்னை வாங்கி நானும் ஊதினேன். அவன் உள்ளே உட்கார்ந்து வாசித்தான். கடையில் இப்படி ஒரு அதிசயத் துணி கிடைத்திருந்தால் என்ன விலை சொல்லியிருப்பேன் என்று ஒரு கதை சொன்னேன். நீளமான கதை. நன்றாகச் சொன்னேன். அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

அந்நேரம் அடிவாரத்தில் அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். போனில் சிக்னல் இருந்தது. ஒரு அழைப்பு. ஒரே ஒரு அழைப்பு.

ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ ஊதும்போது அவன் சிரிக்கவில்லை. ஹீட் கன்னைக் கீழே வைத்தான். ஆனால் அணைக்கவில்லை, அது தரையில் கிடந்து சிமெண்டை ஊதிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றான். "சூடு காட்டினா ஏன் குறையுது?"

நான் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு முதல்முறையாக என் வாய் சரக்கில்லாமல் மூடியது.

பிறகுதான் தாள். பிறகுதான் எண்பது. பிறகுதான் போன். மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

இருபது நிமிடம். தாள் படித்தது போக, மிச்சம் என் கதை.

8

என் வண்டியிலேயே கிளம்பினோம். அவன் ஓட்டினான். டாஷ்போர்டு பிரித்தபடியே கிடந்தது. திரை அதன் வயரில் தொங்கி ஒவ்வொரு வளைவிலும் ஊஞ்சல் ஆடியது. அதில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவில்லை.

அவன் போன் என் கையில், ஸ்பீக்கரில். அழைத்தேன், எல்லைக்கு வெளியே என்றது. அழைத்தேன். அந்தப் பதிவுக் குரல்காரி எத்தனை மரியாதையாகச் சொல்கிறாள் என்று கோபம் வந்தது.

மலையில் அங்கங்கே சில வளைவுகளில் ஒரு நொடி, இரண்டு நொடி சிக்னல் வரும். கிடைத்தால் என்ன சொல்வது என்று அவன் ஓட்டிக்கொண்டே பாடம் செய்தான். "நம்பர் பொய். காலை எடு. ஓரமா நிறுத்து." இவ்வளவுதான். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். நடுநடுவே அந்த மூன்றாவது வளைவுக் கதையைச் சொன்னான். அறுநூற்று அறுபத்து நாலு. அன்றைக்கே எழுநூற்று நாற்பதைத் தாண்டியிருக்கிறது.

"அன்னிக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்குண்ணே. நான்தான் மூக்கை மூடிக்கோன்னு சொன்னேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. நான் பதினாறு புத்தகம் எழுதியவன். "வளைவு வருது" என்று சொன்னேன்.

மூன்றாவது வளைவு தாண்டியது. பிறகு எட்டாவது கிலோமீட்டரும் வந்தது. ரோட்டோரத்தில் ஏதோ பளபளத்தது. அவன் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. யாரோ எறிந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடி இல்லை. மறுபடி கிளம்பினோம்.

9

முடிவுகளை விரித்து வைக்கிறேன். தொட்டுப் பாருங்கள், வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை.

முதல் துணி, கெட்டிச் சாயம்: பத்தாவது கிலோமீட்டரிலேயே அக்கா ஓரம் கட்டியிருக்கிறாள். பானட்டைத் திறந்து வைத்து, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். தம்பியைப் பார்த்ததும், "உன் நம்பர் நல்லாத்தான் இருந்துச்சு. என் மூக்கு கேட்கல" என்கிறாள். எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. மூன்று வாரமாக வேலை நீக்கத்தில் இருந்த மூக்கு, கூப்பிடாமல் வேலைக்கு வருமா?

இரண்டாவது: பதினான்காவது கிலோமீட்டரில், வளைவைத் தாண்டியதும், ரோடு முழுக்க

[இதற்கு மேல் எழுதவில்லை. எழுதினால் நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்ற தொழில் இது. அதனால்தான் எழுதவில்லை.]

மூன்றாவது: ஒன்றுமே ஆகவில்லை. பதினாலு கண்ணாடியும் பத்திரமாக இறங்கின. இஞ்சின் நன்றாக ஓடுகிறது. உள்ளே எங்கோ மயிரிழை அளவில் ஒரு விரிசல், யாருக்கும் தெரியாமல். வாழ்க்கையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ஆனால் இதைக் கதையின் முடிவு என்று விற்றால், நாளைக்கே திருப்பிக் கொடுக்க வருவீர்கள்.

இந்த மூன்றையும் மடித்து ஓரமாக வைத்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தெரிந்தது இவ்வளவு:

பதினோராவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. என் கையில் இருந்த போனில், அந்த மரியாதைக்காரியின் குரல் வராமல், மணி அடித்தது. ஒருமுறை. இரண்டாவது முறை அடிக்கும்போதே எடுத்துவிட்டாள். பின்னால் இஞ்சின் உறுமும் சத்தம். அவள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடா. அறுநூத்தி தொண்ணூத்தஞ்சு. கோட்டுக்குக் கீழதான் இருக்கேன், பயப்படாத."

பாடம் செய்த மூன்று வாக்கியமும் எழுநூறுக்கு வரவில்லை. பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், வீட்டுக்குள் பேசுகிற மாதிரி சொன்னான்:

"அக்கா, நம்பரைப் பார்க்காத. மூக்கைத் திற. என்ன வாசனை வருது?"

அவள் மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. நீளமான மூச்சு. பிறகு பதில் சொன்னாள். சிக்னல் இருந்தது. நான் முழுசாகக் கேட்டேன்.

அந்தப் பதிலைப் பதினோரு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது இலேசாகவே வருகிறது. ஒன்றில் ஒரு ஜோக் ஏறிக்கொண்டது. ஒன்றில் நல்ல உவமை ஒன்று. ஒன்று பழமொழி மாதிரி முடிந்தது. நான் கேட்ட குரல் எதிலும் இல்லை. அப்போதுதான் விளங்கியது, இந்தக் கதையை உங்களிடம் கொண்டுவருவதற்குள் வயர் ஒரு முழம் போதாமல் போயிருக்கிறது. நடுவில் என்னைச் சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள். ஜாயிண்ட் அழகாகத்தான் இருக்கிறது. இடம் காயக் காய நான் குறைத்துத்தான் காட்டுவேன். இதுவரை எங்கெல்லாம் சிரித்தீர்களோ, அங்கெல்லாம் அடியில் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆகவே முடிவை நான் சொல்லப்போவதில்லை. அக்கா மூச்சை இழுத்தாயிற்று. அடுத்து அவள் சொல்வதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மனத்தில் என்ன எண் தெரிகிறதோ தெரியட்டும். அதோடு எண்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.